வேன் இணைப்புகளில் துருவா? மேலே பட்டி பூசாதீர்கள்

பழைய வேனில் தகடுகள் சேரும் இடத்தில் பெயின்ட் கொப்பளித்திருந்தால் பட்டி போட்டு மூடிவிடாதீர்கள். துரு உள்ளுக்குள் அரித்துக்கொண்டேதான் இருக்கும். இணைப்பின் இடுக்கை அடைத்திருக்கும் பசையான பழைய சீலரை முழுக்கச் சுரண்டிவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். பொத்துக்கொண்டு போனால், வெட்டி வெல்டிங் வைப்பதுதான் வழி.

கெட்டியாக இருந்தால் வயர் பிரஷ்ஷால் தேய்த்து, இடுக்கில் மிஞ்சும் துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவை மேலும் அரிக்காத படலமாக மாற்றும் திரவம்) தடவுங்கள். அதற்கு ஒத்துப்போகும் பிரைமர்தானா என்று டப்பாவில் பார்த்துக்கொள்வது முக்கியம். பிரைமர் காய்ந்ததும் பாலியூரிதேன் சீம் சீலர், அதன்மேல் பெயின்ட்.

சீலராகச் சிலிகோன் வேண்டவே வேண்டாம். பெயின்ட் அதில் ஒட்டாது; புளித்த வாடை அடிக்கும் வகையோ அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டுத் துருவைத் தூண்டும். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் தப்பித்தவறியும் அடைத்துவிடாதீர்கள்.