செஃப் 72% தான், ஆனால் எழுத முடியவில்லை: ஓப்பன்ஸ்டாக் கண்காணிப்பில் செய்த திருத்தம்

ஓப்பன்ஸ்டாக் கிளவுட் மென்பொருளில் நோவா (விஎம்களை, அதாவது மெய்நிகர் கணினிகளை, இயக்கும் பகுதி), நியூட்ரான் (நெட்வொர்க் பகுதி), சிபியு, நினைவகம் எல்லாமே பச்சை. ஆனாலும் எந்த விஎம்மும் டிஸ்கில் ஒரு பைட்கூட எழுதவில்லை. பல டிஸ்குகளை ஒரே சேமிப்பகமாக்கும் செஃபில் நிரம்பிய இடம் 72% என்றே கண்காணிப்புத் திரையான கிராஃபானா காட்டியது.

"செஃப் ஓஎஸ்டி டிஎஃப்" கட்டளையில்தான் பிடிபட்டது: ஒரே ஒரு ஓஎஸ்டி (செஃபில் பொதுவாக ஒரு டிஸ்கைக் கவனிக்கும் சேவை) 95%-ஐத் தொட்டிருந்தது. செஃபின் இயல்பான வரம்புகள் மூன்று. 85%-இல் எச்சரிக்கை, 90%-இல் அந்த ஓஎஸ்டிக்குத் தரவு நகர்வது நிற்கும், 95%-இல் எழுதுவதே நிற்கும். ஒன்று நிரம்பினாலும் அதைப் பயன்படுத்தும் பூல் (செஃபில் தரவுக்கான தனிப் பிரிவு) முடங்கும். சராசரியை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

முதலுதவியாக, எழுதுவதை நிறுத்தும் வரம்பான ஃபுல் ரேஷியோவை 0.97 ஆக்கி, பழைய ஸ்னாப்ஷாட்களை அழித்தேன். இடம் உடனே கிடைக்காது, பின்னணியில் மெல்லத்தான் விடுபடும். பிறகு மறக்காமல் 0.95-க்கே இறக்க வேண்டும். டிஸ்க் முழுக்க நிரம்பினால் ஓஎஸ்டி எழுந்திருப்பதே சந்தேகம்.

அடுத்து, ஓஎஸ்டிகளுக்கிடையே தரவைச் சமமாகப் பரப்பும் பேலன்சரை அப்மேப் முறையில் (எந்த பிஜி எந்த ஓஎஸ்டியில் என்று தனித்தனியே குறிக்கும் முறை; பிஜி என்பது தரவைத் தொகுத்து வைக்கும் குழு) ஓடவிட்டு, அனுமதிக்கும் விலகலை 5 பிஜியிலிருந்து 1 ஆகக் குறைத்தேன். கிளையன்ட்கள் எல்லாம் செஃபின் லூமினஸ் அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் இருந்தால்தான் அப்மேப் ஒத்துழைக்கும்.

உண்மையான தீர்வு அலெர்ட்டில். செஃப் மேனேஜரில், அளவீடுகளைச் சேகரிக்கும் ப்ரொமீதியஸ் மென்பொருளுக்கான மாட்யூல் 9283 போர்ட்டில் ஒவ்வொரு ஓஎஸ்டியின் கணக்கையும் தருகிறது. பயன்பட்ட பைட்டை மொத்த பைட்டால் வகுத்து, எந்த ஓஎஸ்டியாவது 10 நிமிடம் 80%-க்கு மேல் நின்றால் அலெர்ட். கூடவே ஒரு பேனல்: அதிகபட்சத்திலிருந்து சராசரியைக் கழித்த இடைவெளி. எனக்கு அதுதான் முதலில் பார்க்கும் எண்.