அமெரிக்கக் கிராமப்புறப் பள்ளி மாவட்டத்தை எண்களில் படிப்பது எப்படி?

தேசியக் கல்விப் புள்ளிவிவர மையத்தின் தளத்தில் பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) பெயரைத் தேடி, முதலில் இடக்குறியீட்டைப் பாருங்கள். 41 என்றால் நகரை ஒட்டிய கிராமம், 42 சற்றுத் தள்ளியது, 43 வெகுதொலைவு. மாணவர் எண்ணிக்கை, இனவாரி விவரம், ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

அடுத்தது மாநிலத்தின் அறிக்கை அட்டை, அதாவது பள்ளிகளின் தேர்ச்சி விவரங்களை மாநில அரசு வெளியிடும் அறிக்கை. பலரும் சறுக்குவது இங்கேதான். ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த 12 பேரில் ஒருவர் இடையில் நின்றாலே பள்ளிப் படிப்பை முடிப்போர் விகிதம் 91.7% ஆகிவிடும், அதை வைத்துப் பள்ளி சரிந்துவிட்டது என்று சொல்லக் கூடாது. மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள், ஆனால் சதவீதங்களைச் சராசரி எடுக்காதீர்கள். 12க்கு 11, 20க்கு 19, 8க்கு 6 என்றால் மொத்தம் 40க்கு 36, அதாவது 90%. சதவீதங்களின் சராசரியோ 87.2 என்று காட்டும்.

அறிக்கை அட்டையின் ஒரு கட்டத்தில் எண்ணுக்குப் பதில் நட்சத்திரக் குறி இருந்தால் பூஜ்ஜியம் என்று எழுதிவிடாதீர்கள். குழு மிகச் சிறியது. யாருடைய மதிப்பெண் என்று தெரிந்துவிடும் என்பதால் மறைத்திருக்கிறார்கள்.

வறுமையை அளக்க இலவச மதிய உணவுக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். சமூகத் தகுதித் திட்டம் என்ற அரசு உணவுத் திட்டத்தில் உள்ள பள்ளிகளில், குடும்ப வருமானம் எதுவானாலும் எல்லோருக்கும் இலவசச் சாப்பாடுதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் பள்ளி மாவட்டவாரி வறுமை மதிப்பீட்டை எடுங்கள்.

ஆசிரியர் ஒருவருக்கு 11 மாணவர் என்பதும் ஏமாற்றும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் ஒருவரே எடுக்கிறாரா என்று கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.