ஐஸ்லாந்தின் நான்கு திசைக் கோடிகள்: வழக்கமாக நடக்கும் தவறுகள்

ஐஸ்லாந்தின் வடகோடி எது? வினாடி வினா ஒன்றுக்குக் கேள்வி தயாரித்தபோது யோசிக்காமல் 'கிரிம்சே தீவு' என்று எழுதிக் கொடுத்தேன். மக்கள் வசிக்கும் இடம் என்று கேட்டிருந்தால் அது சரி. ஆனால் கிரிம்சேக்கு வடக்கு-வடமேற்கே 74 கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் கோல்பெய்ன்சே என்றொரு பாறை இருக்கிறது. சுற்றியுள்ள சிறு தீவுகளே வேண்டாம், ஐஸ்லாந்தின் பெருநிலம் மட்டும் போதும் என்றால் விடை ரிஃப்ஸ்டாங்கி முனை. எதைச் சேர்த்துக் கேட்கிறோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் மூன்றுமே சரிதான். கிழக்கிலும் இதே கதை: பெருநிலத்தில் கெர்பிர், திட்டுகளையும் சேர்த்தால் க்வால்பாகுர்.

அடுத்த தவறு எண்களில். ஆர்க்டிக் வட்டம் 66½ பாகை என்று பள்ளியில் படித்திருப்போம். அதை அப்படியே 66°30′ என்று வைத்துக்கொண்டால், 66°32′இல் உள்ள ரிஃப்ஸ்டாங்கி வட்டத்துக்குள் வந்துவிடும். உண்மையில் வட்டம் இப்போது ஏறக்குறைய 66°34′இல் இருக்கிறது. பெருநிலம் முழுவதும் அதற்குத் தெற்கேதான். வட்டம் கிரிம்சேயை மட்டும் வெட்டிப் போகிறது, அதுவும் வருடத்துக்குச் சுமார் 15 மீட்டர் வடக்கே நகர்ந்துகொண்டே. அதைக் காட்ட 2017இல் அங்கே மூன்று மீட்டர் விட்டமுள்ள ஒரு கான்கிரீட் உருண்டையை வைத்தார்கள். கோடு நகர நகர உருண்டையையும் நகர்த்த வேண்டும்! அப்புறம், 66°32′ஐ 66.32 என்று எழுதிவிடாதீர்கள். அது 66.53.

தீர்க்கரேகையிலும் கவனம் வேண்டும். நம் ஊர் கிழக்குத் தீர்க்கரேகையில் இருப்பதால், எண் பெரிதானால் கிழக்கு என்று பழகிவிட்டோம். ஐஸ்லாந்து முழுக்க கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கிறது. அங்கே கிழக்குக் கோடிக்குத்தான் சிறிய எண். மேற்குக் கோடியான பியார்க்டாங்கரை ஐரோப்பாவின் மேற்குக் கோடி என்றும் சிலர் எழுதுகிறார்கள். போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகள் இன்னும் மேற்கே இருப்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

தெற்கில்தான் பழைய பட்டியல்கள் நன்றாக ஏமாற்றும். பெருநிலத்தின் தென்கோடி டிர்ஹோலேய் என்று இன்றும் எழுதுகிறார்கள். பெயரின் கடைசியில் வரும் 'ஏய்' தீவைக் குறிக்கும் சொல். அதனால் அதைத் தீவுப் பட்டியலில் போடுகிறவர்களும் உண்டு. அது கரையோடு ஒட்டிய பாறை முனை. 1918இல் பனியாற்றுக்கு அடியில் காட்லா எரிமலை வெடித்து, உருகிய வெள்ளம் மலைமலையாக மணலைக் கொண்டுவந்து கொட்டியது. கரையே கடலுக்குள் நீண்டு கோட்லுடாங்கி என்ற புதிய முனை உண்டானது. தென்கோடிப் பட்டமும் அங்கே போனது. அந்த மணலைக் கடல் இன்னும் அரிக்கிறது. தீவுகளைச் சேர்த்தால் தென்கோடி சுர்ட்சே. 1963 நவம்பரில்தான் அது கடலிலிருந்து எழுந்தது. அதற்கு முன் அச்சான வரைபடத்தில் தேடினால் கிடைக்காது.

கோல்பெய்ன்சேயின் நிலைமை இன்னும் மோசம். 1616இல் அதன் நீளம் 700 மீட்டர். 1985இல் வெறும் 39. 1989இல் அதன்மேல் ஹெலிகாப்டர் இறங்க ஒரு கான்கிரீட் தளம் போட்டார்கள். 2006இல் பார்த்தால் பாதித் தளத்தைக் காணோம், அலை கொண்டுபோய்விட்டது. மீதிப் பாறையும் போய்விட்டால் வடகோடி கிரிம்சேதான். என் வினாடி வினா விடையும் அன்றைக்குச் சரியாகிவிடும்.