பரோலோ பாட்டிலைத் திறக்கலாமா, விட்டுவைக்கலாமா?

பழைய சிவப்பு ஒயினின் விளிம்பு செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் பக்குவமாகிவிட்டது என்பது பொதுக்கணக்கு. இத்தாலியின் பியெமோந்தே பகுதிச் சிவப்பு ஒயினான பரோலோவிடம் அது செல்லாது. அதைச் செய்யும் நெபியோலோ திராட்சையின் நிறம் சீக்கிரம் வெளுத்துவிடும். ஆறேழு வருடத்திலேயே விளிம்பு ஆரஞ்சாகத் தெரியும். குடித்தால் துவர்ப்பு ஈறைப் பிடித்து இழுக்கும். ஆகவே கண்ணை விட்டுவிட்டு வாயை நம்புங்கள்.

1. லேபிள். அதில் இருப்பது அறுவடை ஆண்டு. பரோலோவைச் சட்டப்படி குறைந்தது 38 மாதம் முதிரவைக்க வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். கூடுதல் காலம் முதிரவைத்து விற்கும் ரிசர்வா வகைக்கு 62 மாதம். இது விற்பதற்கான கெடு, குடிப்பதற்கான கெடு இல்லை. லா மோர்ரா ஊர் ஒயின் பெரும்பாலும் சீக்கிரம் இளகும், செர்ரலுங்கா ஊருடையது பிடிவாதம். வெயில் கொளுத்திய 2011, 2017 முந்திக்கொள்ளும். 2010, 2016 ஆற அமர வரும்.

2. பாட்டில். வெளிச்சத்தில் மட்டம் பாருங்கள். 20 வருடப் பாட்டிலில் கழுத்தடி வரை இறங்கியிருந்தால் பரவாயில்லை. தோளுக்குக் கீழே போயிருந்தால் உள்ளே காற்று அதிகம், சந்தேகப்படலாம். தக்கை மேலே தள்ளியிருந்தாலோ கசிந்த கறை இருந்தாலோ எங்கோ சூடு பட்டிருக்கக்கூடும்.

3. நிமிர்த்தி வைத்தல். திறப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள். வண்டல் அடியில் தங்கும். கலங்கினால் கசக்கும், அந்தக் கசப்பை 'இன்னும் ஆகவில்லை' என்று தப்பாக எண்ணிவிடுவோம்.

4. சுவைத்தல். 50 மி.லி. ஊற்றுங்கள், வெப்பம் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். புதிதாகப் பழகுபவர்கள் சறுக்குவது இங்கேதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு குடித்தால் நல்ல பதத்தில் உள்ள ஒயினும் முரட்டுத் துவர்ப்பாகத் தெரியும். 22 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும்.

ஒரு மடக்கு விழுங்கி, பத்து எண்ணிவிட்டு, மேல்பல் ஈறின்மேல் நாக்கை ஓட்டுங்கள். வாழைக்காயைப் பச்சையாகக் கடித்ததுபோல் நாக்கு ஒட்டினால் காலம் இருக்கிறது. துவர்ப்பு மெல்லிய பொடிபோல் இருந்து, எச்சில் உடனே ஊறினால் பதம். மணத்தில் புளிப்புச் செர்ரியும் புது ரோஜாவும் மட்டும் என்றால் இளசு. காய்ந்த ரோஜா, தார், பதனிட்ட தோல், காளான் என்று விரிந்தால் முதிர்ந்தது. மணமே இல்லாமல் வாய் மட்டும் முரண்டினால் கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள்; சில வருடம் வாயை மூடிக்கொண்டு கிடப்பது இதற்கு வழக்கம். சோயா சாஸ் வாசமும் தட்டைச் சுவையும் வந்தால் காலம் கடந்தது. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் தக்கையின் குற்றம், வயதின் குற்றமல்ல.

5. கடிகாரம். அதே பாட்டிலை 1 மணி நேரம், 4 மணி நேரம் கழித்தும், மறுநாளும் சுவையுங்கள். மறுநாள்தான் அழகாக இருந்தால், அதே பெட்டியில் மிச்சமுள்ளவற்றை இரண்டு மூன்று வருடம் தொடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் மணம் ஓய்ந்துவிட்டால் மிச்சத்தைச் சீக்கிரம் குடித்துத் தீருங்கள்.

இருப்பதே ஒரு பாட்டில், அதுவும் இளசு என்றால் அகன்ற குடுவையில் மூன்று நான்கு மணி நேரம் ஊற்றி வைத்து, கொழுப்புள்ள மாட்டிறைச்சியோடு பரிமாறுங்கள். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை அடக்கும். 25 வருடம் தாண்டியதற்குக் குடுவை வேண்டாம். கழுத்துக்கு அடியில் விளக்கு பிடித்து மெதுவாக ஊற்றி, வண்டல் கழுத்தை எட்டும்போது நிறுத்திவிடுங்கள்.