பொதுப் பாதுகாப்புக்காக மனுக் கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழைக்காலம் நெருங்கும்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் புதிதாக இரண்டொரு குடியிருப்போர் நலச் சங்கங்கள் முளைக்கும். மூடியில்லாத வடிகால், சாய்ந்த மின்கம்பம், தோண்டிப்போட்ட பள்ளம் என்று ஏதோ ஒன்று அவர்களைக் கூட்டியிருக்கும். லெட்டர்பேடு அச்சடித்து, ரப்பர் ஸ்டாம்ப்பும் செய்துகொண்டு ஆர்வமாக வருவார்கள். அவர்கள் எழுதிய மனுவை வாங்கிப் படித்தால், எங்கள் தலைமுறை ஆரம்ப காலத்தில் செய்த கோளாறுகள் வரிசை மாறாமல் அதில் உட்கார்ந்திருக்கும். தேதி போடாதது, ஒப்புகை வாங்காதது, நகல் வைத்துக்கொள்ளாதது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. ஒருமுறை பட்டால் அவை தாமே திருந்திவிடும். பட்டும் திருந்தாதவை சில உண்டு.

ஆறு பேருக்கு ஒரே மனு

முதலமைச்சர் தனிப்பிரிவு, துறை அமைச்சர், மாவட்ட ஆட்சியர், நகராட்சி ஆணையர், காவல் கண்காணிப்பாளர், சட்டமன்ற உறுப்பினர். ஒரே மனுவை நகலெடுத்து அத்தனை பேருக்கும் தபாலில் அனுப்பிவிட்டு, ‘மேலிடத்துக்கே அனுப்பிவிட்டோம்’ என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். இந்த ஒன்றைப் பார்த்தால் மட்டும் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தாங்குவதில்லை.

மேலிடத்திலிருந்து யாரும் மண்வெட்டியோடு இறங்கி வரப்போவதில்லை. ஒவ்வொரு அலுவலகமும் மனுவுக்கு ஓர் எண் கொடுத்து, ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று கீழே தள்ளிவிடும். எந்த வாசலில் கொடுத்தாலும் கடைசியில் அது போய்ச் சேர்வது ஓர் உதவிப் பொறியாளரின் மேசைக்குத்தான். அவர் கண்ணுக்கு இப்போது தெரிவது பள்ளம் இல்லை. ஒரே விஷயத்துக்கு ஆறு எண்கள், ஆறு கெடு தேதிகள். கெடுவுக்குள் எண்ணை முடித்துவைக்காவிட்டால் ஆய்வுக் கூட்டத்தில் அவரை நிற்கவைத்துக் கேட்பார்கள். அதனால் ‘இச்சாலை இந்நகராட்சியின் பராமரிப்பில் இல்லை என்பது மனுதாரருக்குத் தெரிவிக்கப்படுகிறது’ என்று ஒரே வரியை ஆறு முறை எழுதி ஆறையும் முடித்துவிடுவார். கணினியில் ஆறும் தீர்வு காணப்பட்டவை. அடுத்த திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் நீங்கள் போய் நின்றால், ‘இதற்கு ஏற்கெனவே பதில் கொடுத்தாயிற்றே’ என்பார்கள். உங்கள் மனுவே உங்களுக்கு எதிரான ஆவணமாகிவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நகராட்சியில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டி மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டினார்கள். குறுக்கே ஒரு மின்கம்பம் நின்றது. அதைத் தள்ளி நடும்வரை வேலை ஓடாது என்று ஒப்பந்ததாரர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேறு பணிக்குப் போய்விட்டார். பள்ளத்தின் ஓரத்தில் கட்டிய கம்பிகள் துருவேறி மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. பாதுகாப்பு என்று இருந்தது இரண்டு சவுக்குக் கம்பும், அவற்றுக்கு நடுவே கட்டிய சிவப்புப் பிளாஸ்டிக் நாடாவும். அந்த நாடாவும் ஒரு வாரத்தில் அறுந்து கம்பில் சுற்றிக்கொண்டது. புதுச் சங்கத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, எழுத்துச் சுத்தமானவர். நான் சொல்லியும் கேட்காமல் எல்லோருக்கும் அனுப்பினார். ‘அத்தனை பேர் பார்த்தால் ஒருவராவது செய்வார் சார்’ என்றார்.

பதில்கள் ஒழுங்காகவே வந்தன. நகராட்சி, சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது என்றது. நெடுஞ்சாலைத் துறை, வடிகால் நகராட்சியின் ஒப்பந்தப் பணி என்றது. மின்வாரியம், கம்பத்தை இடம் மாற்றக் கேட்கிற துறை வைப்புத்தொகை கட்டினால் மாற்றித் தருகிறோம் என்றது. இதில் ஒரு பதில்கூடப் பொய் இல்லை. வயிறு எரிந்தது அதனால்தான். ஐப்பசி மழையில் பள்ளம் நிரம்பித் தண்ணீரும் தார்ச்சாலையும் ஒரே மட்டமாகிவிட்டன. விடியற்காலையில் பால் ஊற்ற வந்தவர் வண்டியோடு உள்ளே போனார். தொடை எலும்பு முறிந்தது. மறுநாள் காலை பள்ளத்தைச் சுற்றி இரும்புத் தடுப்புகள் நின்றன. அவை எங்கிருந்தும் வாங்கி வந்தவை இல்லை. அதே நகராட்சியின் கிடங்கில் அத்தனை நாளும் கிடந்தவை.

அந்த மனுவில் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு தடுப்பு. கேட்டிருந்ததோ வடிகாலை முடி, கம்பத்தை மாற்று, சாலையைச் சீரமை, ஒப்பந்ததாரர் மீது நடவடிக்கை எடு என்று நான்கு. நான்கும் நான்கு அதிகாரிகளின் வேலை. தடுப்பு வைப்பது பணியை எடுத்த துறையின் கடமை. இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் பெரும்பாலானவற்றில் தடுப்பும் எச்சரிக்கை விளக்கும் ஒப்பந்ததாரர் தன் செலவில் வைக்க வேண்டியவை என்று எழுதியே இருக்கும். அந்தப் பக்கத்தின் நகலை இணைத்து, பணியைக் கண்காணிக்கும் பொறியாளருக்கு ஒரு தாளில் எழுதினால் அவரால் ‘எங்களுடையதல்ல’ என்று எழுத முடியாது.

ஆகவே, பேனாவைத் திறக்கும் முன் இடம் யாருடையது என்று பாருங்கள். சாலையோரக் கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கடைத்தெருவாக ஊருக்குள் ஓடுகிற சாலைகூட நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கலாம். வீட்டு வரியை நகராட்சி வாங்குகிறது என்பதால் வாசலில் ஓடும் சாலையும் அதனுடையதாகிவிடாது. சென்னையில் மூடி திறந்து கிடந்தால், அது மழைநீர் வடிகாலா பாதாள சாக்கடையா என்று பாருங்கள். முதலாவது மாநகராட்சிக்கு உரியது, 1913இல் சொல்லலாம். இரண்டாவது குடிநீர் வாரியத்துக்கு உரியது. மற்ற ஊர்களில் பாதாள சாக்கடையைப் பெரும்பாலும் அந்தந்த நகராட்சியே நடத்துகிறது. குழப்பம் தீரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பணியின் மதிப்பீட்டையும் ஒப்பந்தத்தையும் கேளுங்கள். அந்தச் சட்டத்தின் இரண்டாவது பிரிவு தாளை மட்டும் தருவதில்லை. பணியை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை வாங்கவும் அது உரிமை தருகிறது. சிமென்ட் கலவையின் மாதிரி கேட்டு ஒரு மனு போய்விட்டால் ஒப்பந்ததாரர் தாமே தேடி வருவார்.

இடம் யாருடையது என்று எந்தத் துறையும் ஒப்புக்கொள்ளாவிட்டால் இன்னொரு கதவு இருக்கிறது. புதியவர்கள் யாருக்கும் அது தெரிவதில்லை. பொதுவழியை ஒட்டிய பள்ளம், கிணறு, விழப்போகும் மரம், இடியப்போகும் கட்டடம் ஆகியவற்றுக்கு நிர்வாக நடுவராகிய வருவாய்க் கோட்டாட்சியர், ‘இதைச் சரிசெய், மறுப்பிருந்தால் வந்து சொல்’ என்று நிபந்தனை உத்தரவு போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 133ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 152ஆவது பிரிவு. பள்ளத்தைச் சுற்றி வேலி போடச் சொல்லும் அதிகாரம் அந்தப் பிரிவில் வெளிப்படையாகவே இருக்கிறது. நிதி இல்லை என்று நகராட்சி சொன்னால், 1980இல் உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சிக்குச் சொன்ன பதிலைக் காட்டுங்கள். திறந்த சாக்கடை நாற்றத்தில் வாழ்ந்த மக்கள் இதே 133ஆவது பிரிவில் தொடுத்த வழக்கு அது. பணம் இல்லை என்பதைச் சாக்காகச் சொல்லி நகராட்சி தன் கடமையிலிருந்து நழுவ முடியாது என்று நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதினார். கோட்டாட்சியர் அலுவலகத்தில் இதையெல்லாம் எடுத்து நீட்டினால், முதலில் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும். கோப்பு ஒன்று தொடங்கிவிடும்.

சான்றிதழைப் பார்த்து அடங்கிவிடுவது

பள்ளியோ திருமண மண்டபமோ பற்றி யாராவது கேள்வி எழுப்பினால், நிர்வாகம் கண்ணாடிச் சட்டமிட்ட சான்றிதழ்களைச் சுவரில் காட்டும். கேட்டவர்களும் தலையாட்டிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். தமிழ்நாட்டில் தனியார் பள்ளி நடத்த நான்கு தாள்கள் வேண்டும்: கட்டட உறுதிச் சான்று, தாசில்தார் தரும் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று. நான்கும் நான்கு கைகளிலிருந்து வருபவை. நான்கையும் ஒன்றாக வைத்துக் கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கிற ஒரு கண் பல இடங்களில் கிடையாது.

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பற்றி, மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கீற்றும் கூட்டமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அரசாங்கம் முழுக்க அன்றைக்கே பார்த்துவிட்டது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தின் தீ வகுப்பறைக் கீற்றுக்குத் தாவி 94 குழந்தைகள் போனார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரையைப் பிரித்தெறியச் சொன்னார்கள். கூரை மாறியது. படிக்கட்டு பல கட்டடங்களில் இன்னும் அதே அகலம்தான்.

சான்று என்பது ஆய்வு நடந்த அன்றைக்கு அதிகாரி பார்த்த நிலைக்கானது. மறுநாள் இரண்டாவது படிக்கட்டின் அடியில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கலாம், மொட்டைமாடிக் கதவைப் பூட்டலாம். நீங்கள் பார்க்க வேண்டியது அதைத்தான். தகவல் கேட்கும்போதும் சான்றின் நகலைக் கேட்காமல், ஆய்வறிக்கையையும் அதில் விதித்த நிபந்தனைகளையும் கேளுங்கள். நிபந்தனைப் பட்டியல் கையில் இருந்தால் அரை மணி நேரத்தில் எது மீறப்பட்டது என்று குறித்துவிடலாம். அதைக் கொண்டுபோய் நகராட்சியில் கொடுக்காதீர்கள். அரசமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை தீயணைப்பை நகராட்சிகளுக்கு விடக்கூடிய பணி என்கிறது, மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியிடம்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது மாநிலத் துறை. மாவட்டத் தீயணைப்பு அலுவலரிடம் போக வேண்டும்.

கம்ப எண் இல்லாத படம்

மனுவோடு இணைக்கும் படத்தில் பக்கத்து மின்கம்பத்தில் எழுதிய எண் தெரிய வேண்டும், இடத்தை அடையாளம் காட்டுவது அதுதான். தெரியவில்லை என்றால் அந்தப் படம் வாட்ஸ்அப்புக்குத்தான் உதவும்.

‘ஏன்’ என்று கேட்பது

தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஆவணத்தைத் தரும், விளக்கம் தராது. ‘ஏன் மூடவில்லை?’ என்று எழுதினால் மனு அங்கேயே செத்தது.

நம்மவர் பேனருக்குக் கண்ணை மூடுவது

2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், கல்யாணத்துக்காகச் சாலை நடுத்திட்டில் கட்டியிருந்த பேனர் ஒன்று இருசக்கர வாகனத்தில் வந்த 23 வயதுப் பெண் மீது சரிந்தது. கீழே விழுந்தவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அதற்கு முன்பே சென்னை உயர் நீதிமன்றம் பேனர்களுக்கு எதிராகப் பலமுறை உத்தரவு போட்டிருந்தது. இப்போதும் சங்கத்துக்காரர்கள் எதிர்க்கட்சிப் பேனர் என்றால் படம் எடுக்கிறார்கள், கவுன்சிலர் வீட்டுக் காதுகுத்துப் பேனர் என்றால் வேறு தெரு வழியாகப் போய்விடுகிறார்கள். அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இது மூன்றாவது மனுவிலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் நியாயமாக எழுதினாலும் ‘அந்தக் கட்சி ஆள்’ என்றே கோப்பு ஒதுக்கப்படும்.

உதவிப் பொறியாளரைத் திட்டுவது

ஒரு நல்ல பொறியாளரை இப்படித்தான் ஒரு வார்டே இழந்தது. தடுப்பு வைக்கும் அதிகாரம் உதவிப் பொறியாளருக்கு உண்டு. பெரிய தொகைக்கு மதிப்பீடு அனுமதிக்கும் அதிகாரம் இல்லை. அது மன்றக் கூட்டத்துக்குப் போய்த் தீர்மானமாக வேண்டும். அவர் மேலே கேட்கும்போது காட்டுவதற்கு ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளாக உங்கள் மனு இருக்கட்டும். இன்ன இடம், இன்ன நீளம், பக்கத்தில் பள்ளி, இந்த ஆண்டில் விழுந்தவர்கள் இவர்கள் என்று எழுதிக் கொடுங்கள். கவுன்சிலரிடமும் ஒரு நகல் கொடுத்துப் பொருள்நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். கிராமம் என்றால் இன்னும் எளிது. கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டு, பதிவேட்டில் எழுதி முடிப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். கைதட்டிவிட்டுக் கலைந்த தீர்மானங்கள் பல பதிவேட்டில் ஏறுவதே இல்லை.

‘போனில் சொல்லிவிட்டேன்’

புகார் எண் வாங்கவில்லை என்றால் சொல்லவில்லை.

கெடுவைக் கோட்டைவிடுவது

தகவல் மனுவுக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று காத்திருந்து, கெடு தாண்டிய பிறகு கோப்போடு வருபவர்களே அதிகம். உயிர் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்ற விதியை எங்கேயோ படித்துவிட்டு, தெருவிளக்கு எரியாததற்கும் குப்பைத் தொட்டிக்கும் அதை மேற்கோள் காட்டுபவர்கள் இன்னொரு வகை. அந்த வரியை எல்லா மனுவிலும் எழுதாதீர்கள். அங்கன்வாடிச் சுவர் சாய்ந்து நிற்கிறது என்று எழுதும் நாளுக்கு அது மிச்சம் இருக்க வேண்டும்.