கெட்ட பீஸை மறைக்காத பட்டறை

பெங்களூரு பீன்யாவில் எங்கள் பட்டறையில் பன்னிரண்டு சி.என்.சி. லேத்துகள், அதாவது கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்கள், ஓடுகின்றன, முப்பத்து நான்கு பேர் வேலை செய்கிறோம். பம்புக்கான தண்டும், தண்டு சுழலும் உருளை வளையமான புஷ்ஷும் கடைகிறோம். தரத்தை எப்படி வளர்ப்பது என்று கேட்டு வரும் சிறு முதலாளிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: "உங்கள் ஆபரேட்டர் தானாக வந்து 'இதை நான் கெடுத்துவிட்டேன்' என்று கடைசியாகச் சொன்னது எப்போது?" பலருக்கு நினைவில் இருப்பதில்லை. அப்படியென்றால் கெட்ட பீஸ்கள் அங்கே எங்கோ பதுங்கிக் கிடக்கின்றன.

நானும் பதுக்கியவன்தான். பத்தொன்பது வயதில் தர்மபுரியிலிருந்து வந்து இங்கே ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினேன். கெட்டுப்போன பீஸுக்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஓர் இரவு ஷிப்டில் பதினேழு தண்டுகள் அளவு குறைந்துவிட்டன. எல்லாவற்றையும் கடைசலில் விழும் உலோகச் சீவல் தொட்டியின் அடியில் புதைத்துவிட்டு அறைக்குப் போனேன். காலையில் வந்தவர் அதே இன்சர்ட்டில், அதாவது உலோகத்தைச் சீவும் வெட்டு முனையில், ஓட்டி, என்னைவிட அதிகமாகக் கெடுத்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருடைய அரை நாள் உழைப்பு மிஞ்சியிருக்கும். இன்றுவரை அது உறுத்துகிறது.

ஆகவே முதல் வேலை, சம்பளப் பிடித்தத்தை நிறுத்துவது. நிறுத்திவிட்டோம் என்று வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒருவர் கெட்ட பீஸோடு வரும்போது அடுத்த பத்து நிமிடம் நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதைப் பட்டறை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். "யார் செய்தது?" என்று ஆரம்பிக்காதீர்கள். "கடைசி நல்ல பீஸ் எது?" என்று கேட்டுக்கொண்டே அவரோடு இயந்திரத்தடிக்குப் போங்கள். அதைக் கண்டுபிடிக்க வழி இருக்க வேண்டும். நாங்கள் ஐம்பது குழியுள்ள மரத்தட்டு செய்து, கடைந்த வரிசையிலேயே பீஸ்களை வைக்கிறோம். முப்பத்தோராவது பீஸில் அளவு சரிந்திருந்தால், அந்த நேரத்தில் என்ன மாறியது என்று தேடலாம்: இன்சர்ட் தேய்ந்ததா, சூட்டைத் தணிக்கும் கூலன்ட் குறைந்ததா, மின்சாரம் போய் வந்ததா. குவியலாகக் கொட்டிவிட்டால் தேடுவதற்கு ஒன்றும் இருக்காது. ஆளைத் திட்டத்தான் தோன்றும்.

1950-இல் ஜப்பானியப் பொறியாளர்களுக்குத் தரக் கட்டுப்பாடு கற்பித்த அமெரிக்கர் டெமிங், பின்னாளில் நிர்வாகத்துக்கென்று எழுதிய பதினான்கு கூறுகளில் எட்டாவது, அச்சத்தை விரட்டுவது. புள்ளியியல் வல்லுநரான அவர் இதை எழுதியதன் காரணம் எனக்குப் புரிகிறது. பயந்தவர் எழுதும் அளவு பொய்யளவு. அதை வைத்து எந்தக் கணக்குப் போட்டும் பயனில்லை.

அடுத்தது நிறுத்தும் உரிமை. ஜப்பானியக் கண்டுபிடிப்பாளர் சகிச்சி டொயோடாவின் 1924-ஆம் ஆண்டுத் தறியில் நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். கெட்ட துணி நெய்யப்படாது. அவர் குடும்பத்தார் தொடங்கிய டொயோட்டா கார் தொழிற்சாலையிலும் இதே எண்ணம் வேரூன்றியது. குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுக்கலாம். குறை தீராவிட்டால் தயாரிப்பு வரிசையே நிற்கும். எங்களிடம் கயிறு கிடையாது, சிவப்பு விளக்கு உண்டு. எரிந்தால் இயந்திரத்தை அமைத்துக் கொடுக்கும் செட்டர் ஓடி வர வேண்டும். முதல் மாதம் ஒருவரும் அதைத் தொடவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை, சரக்கு ஏற்ற வண்டி வாசலில் நிற்கும்போது, சோதனைப் பிரிவுப் பெண் வந்தார். "அண்ணா, எண்ணெய்த் துளைக்குள் பிசிறு, வெட்டிய ஓரத்தில் ஒட்டிய கூர், இருக்கிறது. நானூறையும் திரும்பப் பார்க்க வேண்டும்." வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, வாடிக்கையாளருக்கு நானே போன் செய்து திங்கட்கிழமை தருவதாகச் சொன்னேன். அவர் கோபப்பட்டார், கேட்டுக்கொண்டேன். திங்களன்று காலை பத்து மணிக்குள் விளக்கு இரண்டு முறை எரிந்தது.

ஆபரேட்டருக்கும் சோதனைக்காரருக்கும் ஓயாத சண்டை இருந்தால், அளக்கும் முறையைப் பாருங்கள். எங்களிடம் இரண்டு வருடம் நடந்தது. "என்னிடம் சரியாக இருந்தது" என்பார் இவர்; "குறைவாக இருக்கிறது" என்பார் அவர். இருவரும் உண்மையைத்தான் சொன்னார்கள். ஐம்பது மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் தண்டு இருபது டிகிரி சூடேறியிருந்தால் ஏறத்தாழ 0.01 மி.மீ. பருத்திருக்கும். அளவில் அனுமதிக்கப்படும் மொத்த வித்தியாசமே 0.02 மி.மீ. என்னும்போது அதில் பாதி போய்விடுகிறது. இப்போது பீஸை இரும்புத் தட்டில் ஆறவிட்டு, இருவரும் ஒரே மைக்ரோமீட்டர் கருவியால் அளக்கிறார்கள். காரணத்தைச் சூடான தண்டு, ஆறிய தண்டு இரண்டையும் வைத்துக் காட்டிய அன்றே சண்டை ஓய்ந்தது.

சுவரில் வாசகம் எழுதாதீர்கள். வெற்று முழக்கங்களை விட்டொழிக்கச் சொல்வது டெமிங்கின் பத்தாவது கூறு. எங்களிடம் தமிழ், கன்னடம், ஒடியா, இந்தி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த மொழியில் எழுதுவது? ஒவ்வொரு இயந்திரத்திலும் பச்சை பூசிய நல்ல பீஸ் ஒன்று, சிவப்பு பூசிய கெட்ட பீஸ் ஒன்று தொங்குகிறது. விரலால் தடவிப் பார்த்தால் பிசிறு எது என்று எல்லோருக்கும் தெரியும்.

தர நிர்வாகத்துக்கான ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழை வாடிக்கையாளர் கேட்டால் வாங்குங்கள். ஆனால் நீங்கள் உண்மையில் செய்வதை மட்டும் அதில் எழுதுங்கள்.

பிடித்தத்தை நிறுத்திய முதல் மாதங்களில் கெட்ட பீஸ் கணக்கு ஏறும். எங்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. என் தம்பி கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, பழைய முறைக்கே போகலாம் என்றான். அந்தப் பீஸ்கள் முன்பும் இருந்தவைதான், சீவல் தொட்டிக்குள். கணக்கை ஆள்வாரியாகப் பிரித்துச் சுவரில் ஒட்டாதீர்கள். இயந்திரவாரியாக, காரணத்தோடு எழுதி, சனிக்கிழமை தேநீர் நேரத்தில் எல்லோரும் நின்று பாருங்கள். அதிகமாக வரும் ஒரே ஒரு காரணத்தை அடுத்த வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.