மணற்காட்டுக் கரையில் கூடாரம் அடிப்பது எப்படி?

யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் இரவு தங்க மணற்காட்டைப் போல ஒரு கரை கிடைக்காது. மணல் திட்டிகள், சவுக்கங்காடு, மணலுக்குள் புதைந்த பழைய அந்தோனியார் கோயில் எல்லாம் பக்கத்திலேயே உண்டு. ஆனால் அது மீன்பிடித் தொழில் நடக்கும் கரை. அதனால் கூடாரத்தை எங்கே அடிக்கிறோம் என்பதுதான் முக்கியம்.

மாசி முதல் சித்திரை வரை நல்ல காலம். ஐப்பசியில் மாரிமழையும், வைகாசியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்றும் தொடங்கிவிடும்.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். வான் வண்டியை மணலில் இறக்காமல் இறுகிய தரையிலேயே விடுங்கள். அப்புறம் கரையில் நிற்பவர்களிடம் போய், "அண்ணை, விடிய எந்த இடத்திலே வலை வளைப்பியள்? நாங்கள் எங்கே கூடாரம் அடிக்கலாம்?" என்று கேளுங்கள்.

இதைக் கேட்காமல் எதையும் இறக்க வேண்டாம். கரைவலையில் ஒரு கயிற்றின் நுனி கரையில் நிற்கும். வள்ளம் வலையை அரைவட்டமாக விட்டுக்கொண்டு போய், மற்ற நுனியை வெகுதூரம் தள்ளிக் கரைசேர்க்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் இழுத்து இழுத்து ஒருவரை ஒருவர் நெருங்கி வருவார்கள். இடைப்பட்ட கரை முழுவதும் அவர்களுக்கு வேண்டும். அங்கே ஒரு முளை நின்றாலே கயிறு சிக்கும். வள்ளம் ஏற்றும் வழி, கருவாடு காயும் இடம், மீனவர் தங்கும் வாடிகளின் (ஓலைக் குடில்களின்) வாசல் இவற்றையும் விட்டுவிடுங்கள்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. மணலில் சாதாரண முளை நிற்காது. சாக்குப் பையில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, நடுவில் கயிற்றைச் சுற்றி, முழங்கால் ஆழத்தில் குறுக்காகப் புதையுங்கள். மேலே மணலை மிதித்து இறுக்கினால் காற்றுக்கு எளிதில் அசையாது. வாசலைக் காற்று வரும் பக்கம் வைக்காமல் அதற்கு மறுபக்கம் வையுங்கள். அடம்பன் கொடியையும் இராவணன் மீசைப் புல்லையும் பிடுங்காதீர்கள். திட்டி கரையாமல் பிடித்து வைத்திருப்பவை அவைதான்.

குடிதண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். ஓலை வாடிகளுக்குக் கிட்ட நெருப்பு மூட்ட வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை எங்கே தெரிந்தாலும் அந்தப் பக்கம் காலே வைக்காதீர்கள்.

விடிய வலை கரையேறும்போது மீன் வாங்க ஆசை வரும். முதலில் வியாபாரிகளுக்குக் கொடுத்து முடியட்டும். பிறகு கறிக்கு அளவாகக் கேளுங்கள், சொன்ன விலையைக் கொடுங்கள், செதிலையும் குடலையும் கரையில் போடாமல் குழி தோண்டிப் புதையுங்கள்.